வண்டி ஆற்றங்கரையில், கோட்டை குன்றின் மேல்: தொர்தோன் பள்ளத்தாக்கில் மோட்டார்ஹோமுடன் ஆற அமர மூன்று நாள்

பிரான்சின் தென்மேற்கே பெரிகோர் வட்டாரத்தில், சார்லா ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே இறங்கினால் தொர்தோன் ஆறு வரும். சுண்ணாம்புப் பாறைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகிற ஆறு. அதன் கரையில் 15 கிலோமீட்டருக்குள்ளாகவே தோம், லா ரோக்-கஜாக், காஸ்தெல்னோ, பேனாக் என்று நான்கு ஊர்கள், ஒவ்வொன்றும் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இவற்றில் காஸ்தெல்னோவும் பேனாக்கும் கோட்டை ஊர்கள். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. நூறாண்டுப் போரில் காஸ்தெல்னோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம் நின்றது, பேனாக் பிரெஞ்சு அரசர் பக்கம் நின்றது. 1442-இல்தான் காஸ்தெல்னோ முற்றுகைக்குப் பணிந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

மோட்டார்ஹோம் என்பது படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. அதில் இங்கே வருகிறவர்கள் பலரும் ஒரே நாளில் நான்கு ஊரையும் வண்டியிலேயே சுற்றிவிடப் பார்க்கிறார்கள். 7 மீட்டர் நீள வண்டிக்கு நாலு தடவை இடம் தேடி, நாலு தடவை காசு கட்டி, நாலு தடவை குறுகிய சாலையில் எதிர் வண்டிக்கு வழிவிட்டு, சாயங்காலம் களைத்துப் போய், கோட்டையை நிமிர்ந்து பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்குக்கு அது பொருந்தாது. வண்டியை ஒரு தடவை நிறுத்துங்கள், இரண்டு இரவு அசைக்காதீர்கள். மற்றதெல்லாம் கால்நடையாகவும் சைக்கிளிலும் படகிலும். அதற்கு வண்டியை எப்படித் தயார் செய்வது, எங்கே நிறுத்துவது, எதில் தவறு வரும் என்பதுதான் கீழே வருவது.

எப்போது, எந்த வழியில்

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் 20 வரை பிரான்சே விடுமுறையில் இருக்கும். அப்போது மாலை நான்கு மணிக்குமேல் வந்தால் இடம் கிடைப்பது அரிது. நவம்பர் முதல் மார்ச் வரை இன்னொரு சிக்கல்: குழாய் உறைந்து வெடித்துவிடக் கூடாது என்பதற்காகப் பல ஊர்களில் சேவை நிலையத்தின் (மோட்டார்ஹோம்கள் தண்ணீர் பிடித்து, கழிவைக் கொட்டுகிற இடம்) தண்ணீரை அடைத்துவிடுவார்கள். இடம் காலியாக இருக்கும், குழாய் வறண்டிருக்கும்.

பாரிஸிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர்லேயான், வியர்சோன், லிமோஜ், பிரீவ் வழியே ஏ20 நெடுஞ்சாலை. வியர்சோனிலிருந்து பிரீவ் வரை அதற்குச் சுங்கம் இல்லை. சூயாக் வெளிவாயிலில் இறங்கி மேற்கே திரும்பினால் சார்லா. 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். ஆற அமரத் தங்க வருகிறவர் இதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

சுங்கச் சாவடியில் வண்டியின் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். 2 மீட்டருக்கு மேல் 3 மீட்டருக்குள் இருந்து, மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டாவிட்டால் இரண்டாம் வகுப்பு. கூரையில் ஏசி பெட்டியோ டிஷ்ஷோ வைத்து 3 மீட்டரைத் தொட்டுவிட்டால் மூன்றாம் வகுப்பு, கட்டணமும் ஏறிவிடும். ஆகவே உங்கள் வண்டியின் உண்மையான உயரம், அகலம், நீளம், எடை நான்கையும் ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டி வையுங்கள். உயரத் தடுப்புக் கம்பியையோ பழைய ரயில் பாலத்தையோ பார்த்த பிறகு கையேட்டைப் புரட்ட நேரம் இருக்காது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டியானால், 2021 ஜனவரி முதல், ஓட்டுநர் கண்ணுக்குப் படாத மறைவிடங்களைக் காட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கர்களைப் பின்னாலும் இரு பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும்.

டி703 சாலை ஆற்றின் வடகரையை ஒட்டி லா ரோக்-கஜாக்கையும் பேனாக்கையும் கடந்து போகிறது. பேனாக்கில் ஒரு பக்கம் பாறையும் வீடுகளும், மறுபக்கம் ஆறு. நடுவில் இருக்கிற ஒடுக்கமான சாலையில்தான் ஊர்ப் போக்குவரத்து முழுவதும். இதற்கு மாற்றாகத் தொடங்கிய புறவழிச்சாலை வேலையை 2018 டிசம்பரில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஆற்றில் பாலத்துக்காக எழுப்பிய தூண்கள் அந்த வழக்கின் சாட்சியாக நின்றன. கோடையில் பேனாக்கை வண்டியோடு கடக்க வேண்டியிருந்தால் காலை ஒன்பதுக்கு முன் கடந்துவிடுங்கள்.

எங்கே நிறுத்துவது

பிரெஞ்சுக்காரர்கள் மோட்டார்ஹோமைக் 'காம்பிங்-கார்' என்பார்கள். அது இரவு தங்க ஊராட்சி ஒதுக்கிய இடம் 'ஏர்'. உழுகிற ஏர் போலவேதான் சொல்ல வேண்டும், வழி கேட்டால் உடனே புரியும்.

லா ரோக்-கஜாக்கில் இந்த ஏர் ஆற்றங்கரையிலேயே, ஊருக்குள்ளேயே இருக்கிறது. கதவைத் திறந்தால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. வசதியென்றால் இதுதான் வசதி. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஊர் முழுவதும் தெற்குப் பார்த்தது. வாழையும் பனை வகைகளும் வளருகிற அளவுக்குப் பாறை வெயிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஜூலையில் இரவு வெகுநேரம் அந்த வெப்பத்தைத் திருப்பித் தரும். மற்றது வெள்ளம். மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் தொர்தோன் ஏறினால் கரையோரம்தான் முதலில் மூழ்கும். அரசின் 'விஜிக்ரூ' வெள்ள எச்சரிக்கைத் தளம் ஆறுகளுக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுக்கிறது. மஞ்சள் என்றாலே கரையோரத்தை விட்டு மேட்டுக்குப் போய்விடுங்கள்.

தோமில் ஏர் இருப்பது குன்றின் மேல், லெ பிரதால் என்ற பகுதியில். ஆற்றிலிருந்து சுமார் 150 மீட்டர் உயரம் என்பதால் இரவில் காற்று நன்றாக வரும், வெள்ளப் பயம் இல்லை. 1281-இல் மூன்றாம் பிலிப் மன்னர் நிறுவிய மதில் ஊர் இது. அந்த மதில் வாயில்கள் குதிரை வண்டிக்கு அளவெடுத்துக் கட்டியவை. ஜிபிஎஸ் மிகக் குறுகிய வழி என்று வாயிலுக்குள் நுழையச் சொல்லும், நுழையாதீர்கள். காம்பிங்-கார் படம் போட்ட பலகையை மட்டும் பின்தொடருங்கள். சிறு குழந்தைகளோ, படி ஏற முடியாத பெரியவர்களோ உடன் இருந்தால் தோமையே தேர்ந்தெடுக்கலாம். ஊருக்குள் நடந்து போவது எளிது. சந்தைக் கூடத்துக்கு அடியிலேயே சுண்ணாம்புக் குகை ஒன்று இறங்குகிறது.

மூன்றாவது வழி, ஆற்றோரக் கட்டண முகாம்கள். இந்தப் பள்ளத்தாக்கில் இவற்றுக்குக் குறைவில்லை. மேசை நாற்காலி போட்டு, நிழற்குடை விரித்து உட்கார வேண்டும் என்றால் முகாமுக்குத்தான் போக வேண்டும். ஏரில் அது பொருந்தாது. பிரெஞ்சு முறையில் 'நிறுத்துவது' வேறு, 'முகாமிடுவது' வேறு. சக்கரம் மட்டும் தரையைத் தொட, வண்டிக்குள் உறங்கினால் அது நிறுத்தம். நிழற்குடையும் நாற்காலியும் வெளியே வந்துவிட்டால் அது முகாம். பட்டியலிட்ட இயற்கைக் காட்சிப் பகுதிகளிலும், வரலாற்றுச் சின்னங்களின் சுற்றுப்புறத்திலும், குடிநீர்க் கிணறுகளுக்கு 200 மீட்டருக்குள்ளும் முகாமிடுவது சட்டப்படியே தடை. கோட்டைகள் நிறைந்த இந்தக் கரையில் ஏறக்குறைய எல்லா இடமும் இதில் ஏதாவது ஒன்றுக்குள் வந்துவிடும். அதனால் 'ஆற்றோரமாக யாரும் இல்லாத புல்வெளி' என்று ஆசைப்பட வேண்டாம்.

எல்லாம் நிரம்பியிருந்தால் 'பிரான்ஸ் பாசியோன்' திட்டம் கைகொடுக்கும். ஆண்டுச் சந்தா செலுத்தி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால், அதில் சேர்ந்த பண்ணைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் 24 மணி நேரம் கட்டணமின்றி நிறுத்தலாம். வண்டிக்குள்ளேயே கழிப்பறை இருக்க வேண்டும். போனதும் வீட்டுக்காரரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும், கிளம்பும்போதும் சொல்லிக்கொண்டு போக வேண்டும். வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் வாதுமை (வால்நட்) எண்ணெய் ஒரு சிறு போத்தல் வாங்கிப் பாருங்கள், பிறகு நீங்களே இன்னொன்று கேட்பீர்கள்.

நிறுத்தும் முறை

வந்து சேர நல்ல நேரம் காலை பத்தரை முதல் பதினொன்றரை. முதல் நாள் தங்கியவர்கள் கிளம்பியிருப்பார்கள், அன்றைய கூட்டம் வந்திருக்காது. வண்டியின் முகம் வெளிவழியைப் பார்க்கிற மாதிரி பின்னோக்கி விடுங்கள். இரவில் அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் இது உதவும். புல்தரையானால் இன்னும் முக்கியம். மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. எடையெல்லாம் பின்னால் இருக்கும், இழுக்கிற சக்கரம் முன்னால் இலேசாக இருக்கும். ஒரு மழை பெய்தால் ஈரப்புல்லில் அந்தச் சக்கரம் அப்படியே சுழலும். சுழலத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் குழிதான் பறியும். காலை எடுத்துவிட்டு, டயருக்கு முன்னால் தரைவிரிப்பையோ பிடிப்புத் தட்டையோ செருகி, இரண்டாம் கியரில் மெல்ல நகர்த்துங்கள்.

அடுத்தது மட்டம். வண்டியில் இருப்பது எரிவாயுவிலும் ஓடுகிற உறிஞ்சுவகைக் குளிர்பெட்டி என்றால் இதை அலட்சியம் செய்யக் கூடாது. அதில் மோட்டார் கிடையாது. பின்புறக் குழாய்களில் அம்மோனியாக் கரைசல் தானாகவே வழிந்து இறங்கித்தான் சுற்றோட்டம் நடக்கிறது. வண்டி சாய்ந்தால் கரைசல் ஒரு மூலையில் தேங்கிவிடும், குளிர்ச்சி நின்றுவிடும். காலையில் பால் திரிந்திருக்கும், பெட்டி பழுது என்று நினைப்பீர்கள், சாய்வுதான் காரணமாக இருக்கும். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டையான தட்டை வைத்து அரை விரல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்கு அடியில் படிக்கட்டு மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் ஏற்றக்கட்டையை வைத்து மெதுவாக ஏற்றுங்கள். கட்டையின் உச்சியை அடைந்ததும் கைபிரேக், முதல் கியர். ஒருவர் வெளியே நின்று கை காட்டினால் ஒரே முயற்சியில் முடிந்துவிடும். கம்ப்ரஸர் குளிர்பெட்டிக்குச் சாய்வு ஒன்றும் செய்யாது, ஆனால் அது பேட்டரியைத் தின்னும்.

எத்தனை நாள் தங்கலாம்: கழிவுப்பெட்டிதான் சொல்லும்

எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் விடுமுறையைக் கணக்கிட்டுச் சொல்வார்கள். உண்மையில் அதைச் சொல்வது கழிப்பறைக் கழிவுப்பெட்டி. சாதாரணமாக அதன் கொள்ளளவு 17 முதல் 20 லிட்டர். இருவருக்கு இரண்டு, இரண்டரை நாள் தாங்கும். நால்வர் குடும்பத்துக்கு ஒன்றரை நாள்கூடத் தாங்காது. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் சிக்கனமாகக் குளிக்கிற இருவருக்கு இரண்டு நாள், நால்வருக்கு ஒரு நாள் சொச்சம். குளித்த, பாத்திரம் கழுவிய நீர் சேருகிற கழிவுநீர்த் தொட்டியும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக, இரண்டு இரவு வண்டியை அசைக்கக் கூடாது என்றால் மூன்று வேலையை நிறுத்துவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்: கழிவுப்பெட்டி காலி, கழிவுநீர் காலி, நல்ல தண்ணீர் நிறைவு. பகலில் ஊர்களிலும் கோட்டைகளிலும் உள்ள பொதுக் கழிப்பறைகளைப் பயன்படுத்தினால் பெட்டி இன்னும் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும்.

தண்ணீரை வீட்டிலிருந்தே நிறைத்துக்கொண்டு புறப்படாதீர்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. 3.5 டன் வரம்புள்ள வண்டியில் நாலு பேரும் சாமான்களும் ஏறிய பிறகு மீதி இருப்பதே அவ்வளவுதான் இருக்கும். வழியில் கால் தொட்டி போதும். பள்ளத்தாக்குக்கு வந்தபின் நிறைத்துக்கொள்ளுங்கள்.

சேவை நிலையத்தில் வேலை செய்ய ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தரையில் உள்ள கம்பிவலைக்கு மேல் வண்டியை நிறுத்தி, அடியில் இருக்கிற வால்வைத் திறந்து கழிவுநீரை விடுங்கள். அது வடிகிற நேரத்தில் நல்ல தண்ணீரைப் பிடியுங்கள். கழிவுப்பெட்டியைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அந்தக் கையோடு குடிநீர்க் குழாயைத் தொடக் கூடாது என்பதுதான் காரணம். நிலையத்தில் இரண்டு குழாய் இருக்கும். 'ஓ பொதாப்ல்' என்று எழுதியது குடிநீர். 'நோன் பொதாப்ல்' என்று எழுதியது கழிவுப்பெட்டியை அலச மட்டும். உங்களுக்கு முன்னால் வந்தவர் குடிநீர்க் குழாயிலேயே பெட்டியை அலசியிருக்கவும் கூடும். அதனால் குழாய் வாயைத் துடைத்து, அரை நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அதன் பிறகு உங்கள் ஹோஸை மாட்டுங்கள். முக்கால் அங்குல இணைப்பான்தான் அதிகம் பயன்படும். அரை அங்குலமும், மரை இல்லாத குழாய்க்குப் பொருத்தும் ரப்பர் மூக்கும் கூடவே இருக்கட்டும். ஹோஸ் குடிநீருக்கு உகந்த வகையாக 10 மீட்டர் இருந்தால் போதும்.

பல இயந்திரங்கள் நாணயத்தையோ அட்டையையோ எடுக்கும். சில இடங்களில் 'ஜெத்தோன்' என்ற வில்லை வேண்டும். அதை ஊராட்சி அலுவலகத்திலோ சுற்றுலா அலுவலகத்திலோ ரொட்டிக் கடையிலோ விற்பார்கள். பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை இவை பூட்டியிருக்கக்கூடும், அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். காசு போட்டால் தண்ணீர் சில நிமிடங்களுக்குத்தான் வரும். ஹோஸை மாட்டி, தொட்டி மூடியைத் திறந்து வைத்த பிறகு காசு போடுங்கள்.

கழிவுப்பெட்டியைக் காலி செய்வதில் புதியவர்கள் காலணியை நனைத்துக்கொள்வது வழக்கம். அதைத் தவிர்க்க ஒரே ஒரு நுணுக்கம்தான். பெட்டியை நிமிர்த்தி வைத்து ஊற்றுக்குழலை வெளிப்பக்கம் திருப்புங்கள். மூடியைக் கழற்றித் தரையில் வைக்காமல், நிலையத்தின் விளிம்பில் வையுங்கள். ஒரு கை மேல்பிடியில், மறு கை பின்பிடியில். பின்பிடிக்கு அருகே கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அது காற்றுத் துளை. குழல் முழுதாகக் கீழ்நோக்கிய பின்புதான் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தியபடியே இருக்க வேண்டும். அழுத்தாவிட்டால் காற்று குழல் வழியாகவே உள்ளே போக முயலும், 'களக் களக்' என்று திக்கித் திக்கி வெளியே தெறிக்கும். அழுத்தினால் ஒரே தாரையாக அமைதியாக இறங்கும். இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கி இன்னொரு தடவை ஊற்றி, கடைசியாக இரண்டு லிட்டர் தண்ணீரும் மருந்தும் விட்டு மூடுங்கள். மருந்தில் ஃபார்மால்டிஹைடு இல்லாத வகையை வாங்குவது நல்லது. சிற்றூர்களின் சுத்திகரிப்புத் தொட்டி பாக்டீரியாவை நம்பித்தான் இயங்குகிறது, ஃபார்மால்டிஹைடு அவற்றைக் கொன்றுவிடும். பெட்டியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் பசை மட்டும் தடவுங்கள். சமையல் எண்ணெயோ வாஸ்லினோ ரப்பரைக் கெடுத்து, நாளடைவில் கசியவைக்கும்.

மின்சாரக் கணக்கு எளியது. 100 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். எல்இடி விளக்கு, தண்ணீர்ப் பம்ப், போன் சார்ஜ் ஆகியவற்றுக்கு இரண்டு இரவு தாராளமாக வரும். முகாமில் மின்னிணைப்பு எடுத்தால் 6 ஆம்பியரா 10 ஆம்பியரா என்று கேளுங்கள். 6 என்றால் சுமார் 1380 வாட். 700 வாட் ரைஸ் குக்கர் ஓடும், மிக்ஸியும் தனியாக ஓடும். 2000 வாட் கெட்டிலையோ இண்டக்‌ஷன் அடுப்பையோ போட்டால் உடனே தடைபடும். மறுபடி போட்டுவிட அலுவலகத்துக்கு நடக்க வேண்டும், இரவானால் விடியும்வரை காத்திருக்க வேண்டும்.

எரிவாயுவில் ஒரு நுட்பம். பியூட்டேன் ஏறக்குறைய உறைநிலையிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், புரோப்பேன் கடுங்குளிரிலும் வேலை செய்யும். வசந்தத்தின் தொடக்கத்திலும் அக்டோபருக்குப் பிறகும் வருகிறவர்கள் புரோப்பேன் சிலிண்டர் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியிலோ பிரிட்டனிலோ வாங்கிய வெற்றுச் சிலிண்டரைப் பிரான்சில் பெரும்பாலும் மாற்றித் தர மாட்டார்கள். நிறைந்த சிலிண்டரோடு வருவதும், பிரெஞ்சு சிலிண்டருக்கான இணைப்பான் வைத்திருப்பதும் நல்லது.

கோட்டைகளுக்கு ஏறுவது

லா ரோக்-கஜாக்கில் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காஸ்தெல்னோ அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் கீழ்நோக்கி, மறுகரையில் இருக்கிறது. சாலையில் நடப்பது இனிமையாக இருக்காது. ஆற்றில் போவதுதான் இதற்கு அழகான வழி. காலையில் கரையிலேயே கனூ என்ற சின்னத் துடுப்புப் படகை வாடகைக்கு எடுங்கள். 25 மீட்டராவது நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், மிதவைச்சட்டை தருவார்கள். போனுக்கும் காலணிக்கும் தண்ணீர் புகாத டப்பாவும் தருவார்கள். நீரோட்டமே இழுத்துக்கொண்டு போகும். காஸ்தெல்னோ பாலத்தருகே கரையேறி, படகை மேலே இழுத்து வைத்துவிட்டுக் கோட்டைக்கு ஏறலாம். பிறகு மீண்டும் படகில் ஏறி, பேனாக்கில் இறங்கினால் வாடகை நிறுவனத்தின் வேன் திருப்பிக் கொண்டுவிடும். படகு எடுக்கும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: நடுவில் இறங்கி இரண்டு மணி நேரம் நிற்கலாமா, கடைசி வேன் எத்தனை மணிக்கு.

காஸ்தெல்னோவுக்கு ஏறக் காலையே சிறந்தது, வெயில் ஏறியிருக்காது. காஸ்தெல்னோவின் மதிலிலிருந்து பார்த்தால் பேனாக் வடக்கே இருக்கிறது.   பேனாக்கைப் பின்மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது தெற்குப் பார்த்த கோட்டை, வெளிச்சம் பொழுது சாயும்வரை இருக்கும்.

காஸ்தெல்னோவுக்குள் 1985 முதல் இடைக்காலப் போர்க்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. மதில் வெளியில் முழு அளவில் கட்டிய கவண்பொறிகள் ஆற்றைப் பார்த்து நிற்கின்றன. குழந்தைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பேனாக் வேறு மாதிரி. பெரிகோரின் நான்கு பெரும் பிரபுக் குடும்பங்களில் ஒன்றின் கோட்டை அது. அறைகளில் அலங்காரம் குறைவு, கல் அதிகம். ஆற்றங்கரையிலிருந்து சுமார் 150 மீட்டர் உயரம், ஊரின் சந்துகள் வழியாகவே ஏற வேண்டும். சந்து முழுவதும் பதித்த கல், நூற்றாண்டுகளாகக் கால்பட்டு வழவழப்பானது, மழை நனைத்தால் சறுக்கும். செருப்பு உதவாது. ஏற அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரம் வேண்டாம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதைப் பார்ப்பதற்காகவே நிற்கலாம். நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குழந்தையை ஏற்றிப் போக முடியாது, முதுகுத் தொட்டில் வேண்டும்.

மூன்றாம் நாள் மிச்சமிருந்தால், பாடகியும் நடனக் கலைஞருமான ஜோசபின் பேக்கர் வாழ்ந்த லே மிலாந்த் மாளிகை இதே காஸ்தெல்னோ ஊராட்சிக்குள் இருக்கிறது. 1947-இல் அவர் அதை விலைக்கு வாங்கினார். இல்லையென்றால் வெசாக்கில் மார்கேசாக் தோட்டம், செதுக்கிய பாக்ஸ்வுட் புதர்கள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். ஜூலை, ஆகஸ்ட் வியாழக்கிழமை இரவுகளில் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

சமையல், கடைகள்

சார்லாவில் புதன், சனி காலை சந்தை. சந்தை நாளில் கூட்டம் சேர்ந்த பிறகு மோட்டார்ஹோமோடு அங்கே போகக் கூடாது. வழியில் வரும்போது வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி பயணத்தை அமைத்தால், அதுவும் காலை எட்டுக்கு முன் போய்விட்டால் தொல்லையில்லை. வாதுமைக் கொட்டை, கபேக்கூ என்ற வட்டமான சின்ன ஆட்டுப்பால் சீஸ், மே மாதமானால் நீளமான காரிகெத் ஸ்ட்ராபெரி. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊரில் இவைதான் துணை: கபேக்கூவைச் சூடான வாணலியில் ஒரு நிமிடம் காட்டி, கீரை இலைகளின் மேல் வைத்து, வாதுமையும் வாதுமை எண்ணெயும் விட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது. வாதுமை எண்ணெயைச் சூடாக்கக் கூடாது, கசந்துவிடும்.

அசைவக்காரர்கள் வாத்துக் கோன்ஃபி (வாத்தின் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்த கறி) டின் வாங்குவார்கள். டின்னை மூடியபடியே கால் மணி நேரம் வெந்நீரில் வையுங்கள், கொழுப்பு இளகினால் கால் துண்டு முழுதாக வெளியே வரும். தோல் கீழே இருக்கும்படி மிதமான தீயில் பத்து நிமிடம் வைத்தால் மொறுமொறுவென்று ஆகும். அதே கொழுப்பில் இரண்டு கரண்டி எடுத்து, 3 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டிய உருளைக்கிழங்கைப் பொரித்து, இறக்கும்போது நறுக்கிய பூண்டும் பார்ஸ்லியும் தூவினால் அது சார்லா உருளைக்கிழங்கு. மிச்சக் கொழுப்பைத் திரும்ப டின்னிலேயே ஊற்றி ஆறவைத்துக் குப்பையில் போடுங்கள். அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றுவதுதான் மோட்டார்ஹோமில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. குழாயில் உறைந்து வால்வையே அடைத்துவிடும், பிரித்தெடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். சோறு வடித்த கஞ்சியையும் அதில் ஊற்றாதீர்கள். அடைக்காது, ஆனால் வெயிலில் ஒரே நாளில் புளித்து வண்டி முழுக்க நாறும். அளவுத் தண்ணீர் வைத்துச் சின்ன குக்கரில் வைத்துவிடுங்கள், எரிவாயுவும் மிச்சம்.

ரொட்டிக் கடையில் காலையிலேயே வாங்குங்கள், நண்பகலில் தட்டு காலியாகிவிடும். வாரத்தில் ஒரு நாள் கடை மூடியிருக்கும், எந்த நாள் என்பது கதவில் எழுதியிருக்கும்.

இரவும் புறப்பாடும்

செப்டம்பர் முதல் விடியற்காலையில் ஆற்றிலிருந்து மூடுபனி எழும். எல்லாச் சன்னலையும் அடைத்துக்கொண்டு நாலு பேர் உறங்கினால் சுவரில் தண்ணீர் வழியும், மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்கும். கூரைச் சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். தரையில் உள்ள காற்றுத் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள், எரிவாயு கசிந்தால் வெளியேற அதுதான் வழி. ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள். பாறையடி ஊரில் சத்தம் பாறையில் மோதித் திரும்பி, எல்லோர் வீட்டுக்குள்ளும் போகும்.

புறப்படும் காலையில் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்: கூரைச் சன்னல் மூடியாயிற்று, எரிவாயு அடைத்தாயிற்று, மின்கம்பி கழற்றியாயிற்று, கழிவுநீர் வால்வு மூடியாயிற்று, படி உள்ளே போயிற்று, குளிர்பெட்டிக் கதவு பூட்டியாயிற்று, ஏற்றக்கட்டை கையில். திறந்து கிடந்த கூரைச் சன்னல்தான் நெடுஞ்சாலையில் அதிகம் பறந்து போகிற பொருள்.

தோமிலிருந்து இறங்குகிறவர்கள் குன்றின் அடியில் இருக்கிற சேனாக் ஊர் வரை இரண்டாம் கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் மூன்றரை டன் எடையில் அது சூடேறிக் கருகல் வாடை வரும், அதற்குப் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். கைபிரேக்கை இறுக்காமல், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு.